பாம்பின் மூக்கு புண்ணாவது ஏன்?

உத்திரமேரூர் வயல்வரப்புகளில் எலிவளைதோறும் மூக்கை நுழைத்துத் திரியும் சாரைப்பாம்பின் முகம் பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்க, கண்ணாடிப் பெட்டியில் அடைபட்ட பாம்புக்கு மாத்திரம் மூக்குப்புண் அடிக்கடி வருவானேன்? கண்ணாடி ஒரு சுவரென்பதை உணராத அப்பிராணி, வெளிச்சம் தெரியுமிடத்தில் வழியும் உண்டென்று மூலையிலும் கம்பிவலையிலும் ஓயாமல் முகத்தைத் தேய்க்க, மேலுதட்டு முனைச்செதில் முதலில் வெளுத்து, பின் சிவந்து, கடைசியில் பெயர்ந்துபோகிறது. அச்செதிலடியிலுள்ள சிறு பிளவின் வழியாகத்தான், வாய் திறவாமலே, அது நாக்கை நீட்டி மோப்பமறிகிறதாகையால், அங்கே வீக்கம் கண்டால் மோப்பமும் சிரமமாகிறது.

கிருமி சேராத சிறு சிராய்ப்பு இரண்டொரு முறை சட்டை உரித்ததும் ஆறிவிடும். ஆனால் ஒளியவோர் இடமின்மை, அதிக உஷ்ணம், ஆள்நடமாட்டம் ஆகிய காரணங்கள் நீங்காவிடில் மருந்து வியர்த்தமே.

நாகம், சாரை முதலியவற்றை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இடந்தராது. வளர்க்க ஆசைப்படுவதும் என் அபிப்பிராயத்தில் வீண் சபலம். 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், வடநெம்மேலியில், விஷமெடுக்கும் பாம்புகளை மண்பானையிலிட்டுத் துணியால் வாய்கட்டி வைக்கிறார்கள்: உள்ளே இருள், குளிர்ச்சி, முட்டிக்கொள்ள மூலையே இல்லாத வளைவு. சில வாரங்களில் அவை மீண்டும் காட்டுக்கே போய்விடுகின்றன.