ஆபத்தான வைரஸ் ஆய்வகங்களில் கருவிகளின் தொற்று நீக்கம்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் காய்ச்சலுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் ஒருவருக்குக் கொடிய வைரஸ் தொற்று இருக்கலாம் என மருத்துவர் ஐயுற்றால், அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, இரத்தம், தொண்டைச் சளி முதலிய மாதிரிகள் எடுக்கப்படும். அம்மாதிரிகளைத் தொட்ட கருவிகளால் பிறருக்கு நோய் பரவுமோ என்று குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு. அதைத் தடுக்கும் முறைகள் இங்கு விளக்கப்படுகின்றன.

மாதிரி எங்கே செல்கிறது?

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியது. புதுச்சேரியின் மாஹே பகுதி அம்மாவட்டத்தை ஒட்டியே உள்ளது. அப்போது நோயை உறுதிசெய்த ஆய்வகங்களுள் ஒன்று புணே தேசிய வைராலஜி நிறுவனம். அங்கு மிக உயர்ந்த, நான்காம் நிலை உயிரியல் பாதுகாப்பு ஆய்வகம் உள்ளது. இத்தகைய மாதிரிகள் கசியாத மூன்றடுக்கு உறையில் அனுப்பப்படுகின்றன.

ஆய்வகத்தில் என்ன செய்யப்படுகிறது?

• வெப்பத்தைத் தாங்கும் கருவிகளும் கழிவுகளும் ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கலத்தில், பொதுவாக 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்படுகின்றன.
• மேசைப் பரப்புகள் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்கப்படுகின்றன. இது உலோகத்தை அரிக்கும். எனவே சில கருவிகளுக்கு 70 விழுக்காடு ஆல்கஹால் பயன்படுகிறது.
• வெப்பத்தை மிக நன்கு தாங்கும், தீங்கற்ற ஒரு பாக்டீரியாவின் வித்துகள் ஆட்டோகிளேவில் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. அவையும் அழிந்திருந்தால், கலம் சரியாக இயங்குகிறது என்பது உறுதியாகிறது.

நிபா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அவ்வுறையைச் சிதைப்பதால் வைரஸ் செயலிழக்கிறது.

வீட்டில் பின்பற்ற வேண்டியவை

ஆய்வகத்தின் மூன்று விதிகள் வீட்டிற்கும் பொருந்தும்: முதலில் அழுக்கை அகற்றுதல், சரியான அளவில் கரைத்தல், போதிய நேரம் விடுதல். இரத்தமும் சளியும் குளோரினின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஆகவே, கழுவாமல் மருந்து தெளிப்பதால் முழுப் பயன் கிட்டாது.

1. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சிந்திய இரத்தத்தையோ வாந்தியையோ பழந்துணியால் அகற்றி, அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவவும்.
2. 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 15 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்து, தெளிந்த நீரை அவ்விடத்தில் ஊற்றவும். குறைந்தது 10 நிமிடம் கழித்துத் துடைக்கவும்.
3. கரைசலை அன்றன்றே தயாரிக்கவும். நாளடைவில் அதன் வீரியம் குறையும்.
4. கழிவறை அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும். சன்னல்களைத் திறந்து வைக்கவும்.
5. கையுறையைக் கழற்றியபின் கைகளைச் சோப்பால் கழுவவும்.

கடுங்காய்ச்சலுடன் மனக்குழப்பமோ மூச்சுத்திணறலோ வலிப்போ காணப்பட்டால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.