ஈறு வெளுத்தால் ஓடுங்கள்

சென்னைக்கு வெளியே, படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியெல்லாம் கிடங்குகள். கிடங்கு இருந்தால் எலி இருக்கும்; எலி இருந்தால் மூலையில் எலி கேக் இருக்கும். அதை எலி மட்டுமா தின்னும்? காவல் நாயும் தின்னும், அதன் குட்டியும் தின்னும்.

தின்ற அன்று ஒன்றும் தெரியாது. இந்த விஷத்தின் சூதே அதுதான். ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். புரோமடியோலோன் போன்ற எலி மருந்துகள் அந்த வைட்டமினை உடல் மறுபடி பயன்படுத்த விடுவதில்லை. கையிருப்பு தீர 3 முதல் 5 நாள். அதுவரை நாய் வாலாட்டிக்கொண்டு சோறு தின்னும். பிறகு திண்ணையிலிருந்து ஒரு தாவல் போதும், நெஞ்சுக்குள் ரத்தம் கசிய.

இந்த விஷத்தின் மூதாதை மாட்டுத் தீவனத்தில் பிறந்தது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த கிளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. காரணத்தைத் துருவிய விஸ்கான்சின் விஞ்ஞானி கார்ல் லிங்கின் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, பின்னர் மனிதருக்கே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தானது.

உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். தாமதமானாலோ, ஈறே சுண்ணாம்பாக இருந்தாலோ ஆபத்து. கறுப்பு ஈறுள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். மூச்சிரைப்பு, உப்பும் வயிறு, தார் போன்ற மலம், அடிவயிற்றில் ஊதாத் திட்டு, இவையும் எச்சரிக்கைதான். ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள் உண்ணிக் காய்ச்சலிலும் வரும். அதில் குறைவது உறைதல் புரதமல்ல, ரத்தத் தட்டணுக்கள்.

உள்ளே ரத்தம் கசிய எலி மருந்துதான் வேண்டும் என்பதில்லை. லாரி உரசிய நாய் எழுந்து ஓடினாலும் நம்பாதீர்கள். மண்ணீரல் கிழிந்திருந்தால் சில மணி நேரம் கழித்தும் சுருண்டு விழும். பூனையிடம் அந்த அவகாசமும் குறைவு: கிலோவுக்குச் சுமார் 60 மில்லி ரத்தம்தான். 3 கிலோ பூனைக்கு மொத்தமே ஒரு டம்ளர்.

மருத்துவர் ஸ்கேன் வைத்துப் பார்ப்பார், வயிற்றில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பார். புரோமடியோலோன் வகை எலி மருந்து என்றால் வைட்டமின் கே1, அதுவும் பல வாரங்களுக்கு. ரத்தம் ஏற்ற வேண்டியும் வரலாம். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. ஆனால் படப்பையிலிருந்து வேப்பேரி தூரம். முதலில் பக்கத்து மருத்துவரிடம் போங்கள். நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். எலி மருந்தின் அட்டையைக் குப்பையிலிருந்தாவது பொறுக்கிக் கையோடு கொண்டுபோங்கள். எல்லா எலி மருந்துக்கும் ஒரே மாற்று மருந்து கிடையாது.