ஓநாய் கடித்த காண்டிராக்டர்

பேய்ப்படம், பூதப்படம் என்றால் ஒதுங்கிப் போகிற ரகம் நான். ஆனாலும் 'பேடியா' என்ற இந்திப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். காரணம், கதையில் ரோடு போடுகிறார்கள்!

2022 நவம்பரில் வந்த படம். இயக்கம் அமர் கௌஷிக். டெல்லியைச் சேர்ந்த பாஸ்கர் (வருண் தவான்) என்ற இளம் காண்டிராக்டர், வீட்டை அடகு வைத்துவிட்டு அருணாசலப் பிரதேசத்துக்கு ரோடு போடப் போகிறான். காட்டைச் சுற்றிப் போனால் செலவு. ஊடே வெட்டினால் லாபம். பெரியவர்கள் மறுக்கவே, இளைஞர்களுக்கு ஆசை காட்டுகிறான். இதற்கிடையில் ஓர் இரவு ஓநாய் ஒன்று அவனைப் பின்புறத்தில் கடித்துவிட, அவனே ஓநாயாக மாறத் தொடங்குகிறான்.

படத்தின் பெரிய பலம் காடு. ஜீரோ பகுதிக்கே போய் எடுத்திருக்கிறார்கள். பைன் மரங்களும் மூடுபனியும் கண்ணை விட்டு அகலவில்லை. (போக நினைக்கும் அன்பர்களுக்கு: 2014 முதல் நாஹர்லகுன் வரை ரயில் உண்டு. அதற்கு மேல் மலைப்பாதைதான்.) எலும்பு முறுகி மனிதன் மிருகமாகும் காட்சியும் நம்பும்படி இருக்கிறது.

ஆனால் பயம் பிடிக்கத் தொடங்கியதும் சிரிக்க வைக்க அவசரப்படுகிறார்கள். கடிபட்ட இடத்தை வைத்தே எத்தனை தடவை கேலி செய்வது? பின்னணி இசையும் ஓயமாட்டேன் என்கிறது. காட்டு செக்‌ஷனில் மழைக்கால இரவு ரோந்து போகும் பேட்ரோல்மேனைக் கேட்டுப் பாருங்கள். அவரை நடுங்க வைப்பது உறுமல் அல்ல. கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று நிறுத்திக்கொள்வதுதான். அந்த மௌனம் படத்தில் அபூர்வம்.

என் தொழில் சார்ந்த ஒரு புகாரும் உண்டு. ஊரார் சம்மதித்தால் வேலை முடிந்தது போலக் கதை ஓடுகிறது. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டு நிலத்தில் ரோடு போட மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். மரத்தை வெட்டிய சரிவில் மழைக்கு மண் இறங்கும். குறுக்கே வெட்டி மிச்சம் பிடித்த பணத்தைத் தடுப்புச் சுவர் தின்றுவிடும். ஓநாய்க்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் பாஸ்கர் இன்னும் அதிகமாக மிரண்டிருப்பான்!

நம் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. உள்ளூர் இளைஞன் ஜோமின், தன் முகத்தையும் இந்தியையும் கேலி செய்யும் கூட்டாளிகளிடம் மனம் உடைந்து பேசுகிறான். நடித்தவர் அருணாசலத்துக்காரரே ஆன பாலின் கபாக். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் 'மதராஸி' என்று கூப்பிடப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பேச்சை யாரும் விளக்க வேண்டியதில்லை. நகைச்சுவை என்ற பெயரில் அதே கேலியைப் படமும் முன்பாதியில் செய்கிறது என்பது என் வருத்தம்.

கிளைமாக்ஸ் நீளம். கால்நடை டாக்டராக வரும் கிருதி சனோனின் ரகசியத்தை நான் உடைக்கப் போவதில்லை. ரத்தம் கொஞ்சம் அதிகம்; சின்னக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போடுங்கள்.