எஞ்சினுள் புகும் கள்ளக் காற்று

மோட்டார்ப் பட்டறைகளில் 'வாக்குவம் லீக்' என்றொரு சொல் வழங்குகிறது. அதை அப்படியே தமிழாக்கினால் 'வெற்றிடக் கசிவு' என்றாகும். பணிமனைக் கைந்நூல் ஒன்றைத் தமிழ்ப்படுத்த நேர்ந்தபோது இச்சொல் எனக்குப் பெருந்தொல்லை கொடுத்தது. வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாத இடம். ஒன்றுமில்லாதது எவ்வாறு கசியும்? தொட்டி கசிந்தால் நீர் வெளியே வரும். இங்கோ வெளியே வருவது எதுவும் இல்லை. வெளியிலுள்ள காற்றுதான் வழியல்லாத வழியாக எஞ்சினுள் புகுகிறது. வடநாட்டுப் பட்டறைக்காரர் இதனை 'ஏர் லே ரஹா ஹை', அதாவது 'காற்று வாங்குகிறது' என்பர். கைந்நூல் எழுதியவரைவிட அவர்கள் சொல்வதே பொருத்தம். நாம் மாலையில் காற்று வாங்கினால் உடலுக்கு நலம். எஞ்சின் இவ்வாறு காற்று வாங்கினால் வண்டிக்கும் கேடு, பணப்பைக்கும் கேடு. இதனைக் கள்ளக் காற்று என்றே இங்குக் குறிப்பிடுகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அக்காற்று கார்புரேட்டர் வழியே வரும்போது பெட்ரோலையும் தன்னோடு கலந்து கொண்டு வருகிறது. ஒரு பங்கு எடை பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு எடை காற்று வேண்டும். பருமனாகக் கணக்கிட்டால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று ஆகிறது. எஞ்சின் நின்ற நிலையில் மெதுவாக ஓடும்பொழுது, அதாவது ஐடிலில், கார்புரேட்டரின் அடியிலுள்ள திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சுகின்றன, கதவோ மூடியிருக்கிறது. ஆகவே கதவுக்கும் பிஸ்டனுக்கும் இடைப்பட்ட குழலில், அதாவது மேனிஃபோல்டில், காற்றழுத்தம் வெகுவாகக் குறைகிறது. இக்குறைவையே வாக்குவம் என்கிறோம். அப்பகுதியில் ஊசி நுழையும் துளை இருந்தாலும் வெளிக்காற்று சீறிக்கொண்டு உட்புகும். அது கார்புரேட்டரைக் கடவாமல் வருவதால் பெட்ரோலைக் கொண்டு வருவதில்லை. கலவை நீர்த்துப் போகிறது.

இதனால் வரும் குறிகளை வண்டி ஓட்டுவோர் பலரும் அறிவர். ஐடிலில் எஞ்சின் நடுங்கும்; சில வேளை ஓட்டம் தானே கூடும், சில வேளை அணைந்து போகும். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் தயங்கும். கார்புரேட்டர் வழியாகப் 'பட்' என்று பின்வெடிக்கும். சோக்கைச் சற்று இழுத்து வைத்தால் மட்டும் ஒழுங்காக ஓடும். ஆனால் நேர்ச்சாலையில் வேகமாகச் செல்லும்பொழுது குறை ஒன்றும் தெரியாது. கதவு விரியத் திறந்திருக்கையில் உள்ளே வாக்குவமும் குறைவு. வருகிற பெருங்காற்றில் திருட்டுத்தனமாகப் புகும் சிறு காற்று கணக்கில் வாராது. நின்றால் நோய், ஓடினால் நலம் என்ற இம்முரண்பாடே இந்நோயின் முதல் அடையாளம்.

இக்குறிகளைக் கண்டவுடன் பெரும்பாலோர் கார்புரேட்டரைப் பழிக்கின்றனர். வட்டவடையிலிருந்து மூணாற்றுக்குக் காய்கறி ஏற்றிவரும் தமிழன்பர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவரிடம் இருப்பது எஃப்.சி. 150 என்ற பழைய பிக்கப். வில்லிஸ் ஜீப்பின் அதே நான்கு சிலிண்டர் ஹரிக்கேன் எஞ்சின், 2.2 லிட்டர், இரு இருக்கைகளுக்கும் நடுவே பெட்டிக்குள் அமர்ந்திருக்கும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பிற்காலத்தில் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டனர். அவர் பிடிவாதமாகப் பெட்ரோலிலேயே வைத்திருந்தார். மலை வளைவில் கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் அணைந்துவிடும். பின்னால் ஒரு லாரி, முன்னால் பள்ளம், வண்டி நிறைய முட்டைக்கோசு. பட்டறை ஒன்றில் கார்புரேட்டரைப் புதிதாக மாற்றினார்கள். பயனில்லை. மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாவது முறை எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றபோதுதான் எனக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. கலைப்பாடம் படித்த நான் கைந்நூலில் மொழிபெயர்த்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். தேடியது முழுவதும் அவரே.

தேடத் தொடங்குமுன் ஒரு விளக்கம். டீசல் எஞ்சின்களில் பொதுவாகத் திராட்டில் கதவு இல்லை. ஆதலால் மேனிஃபோல்டில் இத்தகைய வாக்குவமும் இல்லை. இன்று சாலையில் ஓடும் பிக்கப்களில் மிகப் பல டீசல் வண்டிகள். அவற்றில் பிரேக்குக்கு வேண்டிய வாக்குவத்தைத் தனிப் பம்பு ஒன்று உண்டாக்குகிறது. இங்கே சொல்வன பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும் உரியவை.

முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ஓட்டாமலே, கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு ரப்பர்க் குழாயையும் அதன் மறுமுனை வரையில் பின்தொடருங்கள். ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகலாம். ஒன்று பிரேக் பூஸ்டருக்கு. ஒன்று எஞ்சின் அடிப்பெட்டியின் ஆவியை மீளக் கொண்டுவரும் வால்வுக்கு. பழைய ஜீப் வகைகளில் கண்ணாடி துடைக்கும் வைப்பரும் வாக்குவத்தாலேயே இயங்கியது. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் மழையிலும் வைப்பர் சோர்ந்து நிற்பதை அக்கால ஓட்டுநர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர்க் குழாய் நடுவில் கெடுவது அரிது. முனையில்தான், சூடான இரும்பைக் கவ்வியிருக்கும் இடத்தில், வெடிக்கும். வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிடுங்கள். துண்டையும் வேட்டி முனையையும் ஃபேனுக்கு அருகில் கொண்டு போகாதீர்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுதல் கூடாது. புகையிலுள்ள நச்சுவாயு மணமின்றிக் கொல்லும். எஞ்சின் ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருக்கும் வண்டியில் இரு கதவுகளையும் திறந்து வையுங்கள். இரண்டு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஐயமுள்ள இடங்களில் நகர்த்தினால், மருத்துவர் நெஞ்சொலி கேட்பதுபோல், சீறல் எங்கே உரக்கக் கேட்கிறது என்பது புலப்படும்.

அடுத்து, ஒவ்வொரு குழாயையும் குறட்டில் துணி சுற்றி மெல்ல நெருக்குங்கள். ஒரு குழாயை நெருக்கியதும் எஞ்சின் ஓட்டம் சீர்பட்டால் கள்ளன் அதற்கு அப்பால் இருக்கிறான். அடிப்பெட்டி ஆவிக் குழாய் மட்டும் விதிவிலக்கு; அதன் வழியே எப்போதும் அளவான காற்று வருவதால் நெருக்கினால் ஓட்டம் சிறிது மாறத்தான் செய்யும்.

குழாய்கள் குற்றமற்றவை என்று தெரிந்தால் இணைப்புகளை நோக்க வேண்டும். கார்புரேட்டரின் அடிப் பேக்கிங்கும் மேனிஃபோல்டு பேக்கிங்கும் முதன்மையானவை. ஹரிக்கேன் எஞ்சினில் உறிஞ்சு குழல் சிலிண்டர் தலையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருப்பதால் பின்னது அங்கு இல்லை. ஐயம் கார்புரேட்டர் அடியோடு நின்றுவிடும். பூவாளிபோல் மென்துளி தெளிக்கும் புட்டியில் நீரை நிரப்பி, இணைப்புகளின் மேல் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். விரிசலில் நீர் அடைத்துக்கொண்ட கணத்தில் எஞ்சினின் ஒலி மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் நனைக்கக் கூடாது. நனைத்தால் அதனாலேயே எஞ்சின் தடுமாறி நம்மை ஏமாற்றும். சிலர் நீருக்குப் பதிலாகப் பெட்ரோலைத் தெளிக்கின்றனர். அது விரைவில் விடை காட்டுவது உண்மை. வண்டியையும் ஆளையும் எரித்துவிடக் கூடியது என்பதும் உண்மை. அதனை ஒருபோதும் செய்ய வேண்டாம். நல்ல பட்டறைகளில் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உட்செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்க்கும் கருவி உண்டு.

திராட்டில் கதவின் அச்சுத் தண்டு தேய்ந்து ஆட்டங்கண்டிருந்தால் அதன் ஓரமாகவும் காற்று புகும். தண்டைப் பிடித்து அசைத்தாலே தெரியும். இங்குப் பேக்கிங் மாற்றிப் பயனில்லை. புஷ் அடிக்க வேண்டும்.

வாக்குவம் அளக்கும் சிறு கேஜ் ஒன்று இருந்தால் வேலை எளிதாகும். கடல்மட்டத்தில், நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டி முள் அசையாமல் நிற்கும். முள் அசையாமல் ஆனால் தாழ்ந்து நின்றால் கள்ளக் காற்றாக இருக்கலாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கியதாகவும் இருக்கலாம். ஒழுங்கான இடைவெளியில் முள் துள்ளினால் வால்வைப் பாருங்கள். மலைநாட்டில் வாழும் நம்மவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். சுமார் 5,000 அடியிலுள்ள மூணாற்றில் 12 முதல் 16 வரை காட்டினால் அது நோயன்று. இதை அறியாமல் நல்ல எஞ்சினைப் பிரித்தவர் உண்டு.

பிரேக் பூஸ்டர் பொருத்திய வண்டியாயின் அதனை முதலிலேயே சோதித்துவிடுதல் நன்று. ஏனைய கசிவுகள் பெட்ரோலைத்தான் கேட்கும், இது உயிரைக் கேட்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதி கெட்டிப்படும் வரையில் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். மிதி சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. கல்போல் நின்றால், குழாயோ அதிலுள்ள ஒருவழி வால்வோ உள்ளிருக்கும் ரப்பர்த் திரையோ பழுது. அவ்வண்டியில் பாரம் ஏற்றி இறக்கத்தில் செல்லலாகாது.

செப்பனிடும் செலவு பெரும்பாலும் அற்பமே. முனை வெடித்த குழாய் நீளமாயிருந்தால் வெடித்த பாகத்தை வெட்டிவிட்டு மீண்டும் செருகலாம். புதிதாக வாங்கினால் வாக்குவத்துக்கென்று தடித்த சுவரோடு செய்த குழாயே வேண்டும். மெல்லிய குழாய் உறிஞ்சலில் ஒட்டிப்போகும். கார்புரேட்டர் அடியில் பேக்கிங்கோடு சிலிக்கோன் பசை தடவுவது வீண். பெட்ரோல் பட்டால் அது நெகிழ்ந்து கழன்று உள்ளே போகும். நட்டுகளை வெறிகொண்டு முடுக்கினால் அடித்தட்டு வளைந்து, அடைக்க வந்த துளையைவிடப் பெரிய துளை உண்டாகும்.

மூணாற்று அன்பருடைய வண்டியில் வாக்குவ வைப்பரை எப்போதோ கழற்றிவிட்டு மின்சார வைப்பர் பொருத்தியிருந்தார்கள். பழைய குழாய் இருந்த முனையை ஒரு சிறு ரப்பர்த் தொப்பியால் மூடியிருந்தனர். அத்தொப்பி வெடித்திருந்தது, வெடிப்பு அடிப்பக்கத்தில் இருந்ததால் மேலிருந்து பார்த்த எவர் கண்ணிலும் படவில்லை. விரலை வைத்து அடைத்தவுடன் எஞ்சின் அமைதியாயிற்று என்று அவர் தொலைபேசியிலேயே கேட்கச் செய்தார். புதுத் தொப்பியின் விலை ஒரு தேநீர் விலைக்கு மேல் இல்லை. ஆனால் தொப்பியை மாட்டியதும் எஞ்சின் கரும்புகை கக்கியது. கள்ளக் காற்றை ஈடுசெய்வதற்காக இரு பட்டறைகளிலும் கலவைத் திருகைத் திறந்து திறந்து வைத்திருந்தார்கள். எனவே கசிவை அடைத்த பின்னர், எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில், ஐடில் திருகையும் கலவைத் திருகையும் புதிதாக ஒழுங்கு செய்ய வேண்டும். அவர் அன்று மாலையே அதைச் செய்து முடித்து, விடியற்காலைச் சுமைக்கு வட்டவடை ஏறிவிட்டார்.