இல்லத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

பாடுவோர் வாய் மூடிய கணமே பாட்டு மறைந்துவிடும்; வீணையின் தந்தி ஓய்ந்ததும் இசை காற்றிலே கரைந்துவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாக இசையின் இயல்பு இதுவாகவே இருந்தது. 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையொன்றில் தம் குரலைப் பதித்து, அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தார். பின்னர் இசைத்தட்டு, காந்த நாடா, குறுந்தட்டு என ஒலிப்பதிவுக் கலை படிப்படியாக வளர்ந்தது. ஆயினும், நல்ல பதிவுக்குப் பெரிய கூடமும் விலைமிக்க கருவிகளும் நெடுங்காலம் தேவைப்பட்டன. இன்றோ, வீட்டிலுள்ள கணினியே அப்பணியைச் செய்ய வல்லதாயிற்று. அதனை அமைக்கும் முறையை இங்குக் காண்போம்.

கணினி எண்களையன்றி வேறொன்றும் அறியாது. அங்ஙனமாயின், அஃது இசையை எவ்வாறு ஏற்கும்? அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து ஏட்டில் எழுதிவைத்தால், அவ்வெண்களைக் கொண்டே நீர் ஏறி இறங்கிய வகையைப் பின்னர் வரைந்து காட்டலாம் அன்றோ? ஒலிப்பதிவும் அத்தகையதே. பாடும்போது எழும் காற்றின் அதிர்வை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலையின் அளவை ஒரு கருவி நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறது. இது குறுந்தட்டுக்கென வகுக்கப்பட்ட அளவு. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். ஓர் அலையை எண்களில் அடக்குவதற்கு, அதன் அதிர்வுகளைப்போல் இரு மடங்குக்கு மேல் அளத்தல் வேண்டும். 44,100 என்னும் எண்ணுக்கு இதுவே அடிப்படை.

இப்பணிக்குக் கணினியோடு நான்கு பொருள்கள் வேண்டும். அவை ஒலிவாங்கி, மின்னலையை எண்ணாக்கும் ஒலி இடைமுகக் கருவி, செவிகளை மூடும் ஹெட்போன், பதிவுக்குரிய மென்பொருள் என்பன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கண்டென்சர் வகை ஒலிவாங்கி நுண்ணொலிகளையும் பற்றவல்லது. அதற்கு வேண்டிய 48 வோல்ட்டு மின்னழுத்தத்தை இடைமுகக் கருவி அளிக்கும். டைனமிக் வகை அத்துணை நுண்மையுடையதன்று. ஆயினும், தெரு இரைச்சல் மிக்க வீட்டுக்கு அதுவே ஏற்றது.

கருவிகளை வாங்கியதும் பணி முடிந்தது எனக் கருதுதல் கூடாது. அறையை அமைதியாக்குதலே முதற் கடமை. மின்விசிறியை நிறுத்துக. கணினியிலும் சிறு விசிறி உண்டு. ஆதலின் ஒலிவாங்கியை அதனின்று தள்ளி வைக்க. வெறுஞ்சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்பும். தடித்த திரைச்சீலைகளும் மெத்தைகளும் அதனை ஈர்த்துக்கொள்ளும். ஒலிவாங்கி வாய்க்கு ஒரு சாண் தொலைவில் இருப்பின் குரல் தெளிவாக அமையும்.

அடுத்து, ஒலியின் அளவைச் சீர்செய்தல் வேண்டும். அளவுகோலின் உச்சியைத் தாண்டிய வெள்ளத்தை அக்கோல் காட்டாது. அதுபோலவே, எல்லை கடந்த ஒலியின் முகடு துண்டிக்கப்பட்டுக் கரகரப்பாக மாறிவிடும். ஆதலின் பாடலின் உரத்த பகுதியை முதலில் பாடச் செய்து, அப்போதும் எல்லைக்குக் கீழே சிறிது இடம் எஞ்சுமாறு அளவை அமைத்துக்கொள்க.

கணினி எண்களைத் தொகுதி தொகுதியாகக் கையாளுகிறது. 441 எண்கள் கொண்ட தொகுதி நிரம்ப, நொடியில் நூற்றில் ஒரு பங்கு செல்லும். தொகுதி பெரிதாயின் தாமதமும் மிகும். பாடுவோர் தம் குரலைப் பிந்திக் கேட்டுத் தாளம் தவறுவர். மிகச் சிறிதாயினோ, கணினி திணறி ஒலி இடையிடையே அறுபடும். இரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவைச் சோதித்து அறிதல் வேண்டும். சுருதியை முதலில் பதிந்துவிட்டு, அதனை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடினால், சுருதியும் குரலும் கலவாமல் தனித்தனியே பதியும். பின்னர் அவற்றை வேண்டிய அளவில் இணைக்கலாம்.

“பிழைகளைக் கணினி பின்னர்த் திருத்திவிடும்” என்று சிலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். துண்டிக்கப்பட்ட முகட்டையோ, இரைச்சலில் மூழ்கிய சொல்லையோ முழுமையாக மீட்டல் அரிது. பதிவு தொடங்குமுன் செலவிடும் அரைமணி நேரமே பதிவின் தரத்தை முடிவு செய்கிறது. பதிந்ததையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் தகாது. குறுந்தட்டுத் தரத்தில் ஒற்றைக் குரல் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 இலட்சம் பைட்டு இடமே கொள்ளும். ஆதலின் வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தல் எளிது.

மாணவர்களே! நம் பாட்டியர் பாடும் தாலாட்டுகளும் நடவுப் பாட்டுகளும் பல, ஏட்டில் ஏறாதவை. எழுதிவைத்தாலும் சொற்கள் நிற்குமேயன்றி, அக்குரலின் குழைவு நில்லாது. பாடுவோர் இசைவைப் பெற்று, அறையை அமைதியாக்கி, ஒரு பாட்டையேனும் பதிந்து வையுங்கள். கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். ஓய்ந்துவிட்ட குரலை எவ்விலை கொடுத்தும் வாங்க இயலாது.