மறையும் வேலையும் நம்பத்தக்க கைவினைஞனும்

வீடு கட்டுவோர் மேசன் வேலையைக் கண்ணாற் காண்கின்றனர். தச்சு வேலையைக் கையாற் தடவிப் பார்க்கின்றனர். நீர்க்குழாய் வேலை மாத்திரம் முடிந்த அன்றே கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. சுவரினுள்ளே பாதி, நிலத்தின் கீழே பாதி. எஞ்சி நமக்குத் தெரிவது கை கழுவுமிடத்துப் பளபளப்பான பைப்பு ஒன்றே. அதன் பின்னே நல்ல வேலை உள்ளதோ தீய வேலை உள்ளதோ என்பதை நாம் அறிவது, பெரும்பாலும், சுவர் நனைந்து சுண்ணம் உதிரும் நாளிலேதான். ஆதலின், குழாய் வேலைக்கு நம்பத்தக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதைப் பழைய மாணவர், இளைய மாணவர், ஆசிரியர் அனைவருக்கும் பயன்படுமாறு ஈண்டு ஆராய்வோம்.

கைவினைஞரை நாம் 'பாஸ்' என்றழைக்கின்றோம். கற்பிட்டியிற் கோட்டை கட்டியிருந்த ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவர் மொழியில் அதன் பொருள் தலைவன் என்பதாம். 'பிளம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லோ, ஈயத்தைக் குறிக்கும் 'பிளம்பம்' என்ற இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. உரோமர் ஈயத்தாற் குழாய் செய்தமையே அதற்குக் காரணம். இத்தொழிலில் ஏமாற்றமும் அதனைத் தடுக்கும் முயற்சியும் பழமையானவை. இலண்டன் மாநகரில் 1365ஆம் ஆண்டிலேயே இத்தொழிலாளர் சங்கத்துக்கு ஒழுங்கு விதிகள் வகுக்கப்பட்டன. தொழிலறியாதார் அதிற் கைவைத்து மக்களுக்கு இழப்பும் தொழிலுக்கு இழுக்கும் விளைவித்தலாகாது என்பதே அவற்றின் உட்கிடை. 1886ஆம் ஆண்டில் அச்சங்கமே தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்யும் முறையையும் தொடங்கியது.

கனமூலை போன்ற கரையோரச் சிற்றூர்களில் இவ்விடயம் மேலும் கருத்துக்குரியது. கரையோர மணல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நிற்கும் நன்னீர், அம்மட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீரைத் தாங்கி நிற்கும் என்பது அறிவியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கிற் கீழே 40 அடி உவர்நீர் ஏறும். வீணே ஒழுகும் நீருக்கு ஈடாக மோட்டார் மேலும் மேலும் இறைக்குந்தோறும் கிணற்றடியில் உவர்நீர் மேலெழும். இனி, கழிவுநீர்க் குழாயின் பொருத்து விலகினாலோ, கேடு இன்னும் பெரிது. மணல் எதனையும் விரைவில் ஊடுருவவிடும். கிணறும் மலகூடக் குழியும் ஒரே வளவினுள் இருக்கும் வீட்டில், மறைந்து கிடக்கும் அவ்வொழுக்கு குடிநீரையே நஞ்சாக்கக்கூடும். ஆகவே, இங்கு நாம் ஒருவரிடம் ஒப்படைப்பது குழாயை மட்டுமன்று. குழந்தைகள் பருகும் நீரையுமாம்.

சொன்ன நாளில் வாராமையும் தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுச் செல்லலும் ஏன் நிகழ்கின்றன? தொழில் தெரிந்தோர் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்ல, எஞ்சியோரிடம் வேலை குவிகின்றது. ஒரே கிழமையில் மூன்று வீட்டில் முற்பணம் பெற்றவர், மூன்று வீட்டுக்கும் முகங்காட்டி எங்கும் நிலைத்து நில்லார். பிழை முற்றும் அவருடையதன்று. குறைந்த விலை சொன்னவருக்கே வேலையைக் கொடுப்பவரும் நாமே. முழுப்பணத்தையும் முன்னரே கொடுப்பவரும் நாமே. குடிபுகும் நாள் குறித்துவிட்டோமென்று நெருக்குபவரும் நாமே. குறைந்த கொந்தராத்துக்கு இசைந்தவர் அக்குறையை எங்கு நிரப்புவார்? கண்ணுக்குத் தெரியும் பைப்பில் அன்று, தெரியாத பொருத்தில்தான்.

தேர்வின் முதற்படி, அவர் செய்த பழைய வேலையைப் பார்த்தலாகும். சென்ற மாதம் முடித்த வீட்டையன்று, இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லுக. அவ்வீட்டாரிடம், "ஒழுகியதா?" என்று மட்டும் கேளாது, "ஒழுகியபோது அழைத்தவுடன் வந்தாரா?" என்றும் கேட்க வேண்டும். எக்கைவினைஞர்க்கும் ஒருகால் தவறு நேரும். திரும்பி வந்து திருத்துபவரே நம்பத்தக்கவர்.

இரண்டாவது, சான்றிதழ். நம் நாட்டில் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ், ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்ட தேசிய தொழிற்றகைமை முறை வழங்குகின்றது. குழாய் பொருத்துநர்க்கும் இத்தகைமை உண்டு. நான்காம் மட்டம் பெற்றவர், பிறர் மேற்பார்வையின்றித் தாமே வேலை செய்யவல்ல முழுக் கைவினைஞராகக் கொள்ளப்படுவர். பயிற்சி நிலையத்திற் பயிலாது அனுபவத்தாலே தொழில் கற்றவரும், தம் திறனைச் சோதனையிற் காட்டி இச்சான்றிதழைப் பெறலாம். சான்றிதழ் திறனைக் காட்டுமேயன்றி நேர்மையைக் காட்டாது. பழைய வேலையோ இரண்டையும் காட்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே நோக்குக.

மூன்றாவது, எழுத்திலான மதிப்பீடு. எத்தனை குழாய், எவ்வளவு விட்டம், எத்தனை வால்வு, கூலி எவ்வளவு, முடியும் நாள் எது என்பன தாளில் இருத்தல் வேண்டும். குடிநீர்க்கு இடும் பீவீசீக் குழாயில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 147 என்னும் குறி பொறித்திருத்தலை ஹார்ட்வெயார் கடையிலேயே பார்த்துக்கொள்க. பொருளை நாமே வாங்கிக் கொடுப்பின், மட்டமான பொருளைப் பற்றிய ஐயம் எழ இடமிராது.

இவை யாவற்றினும் தலையாயது, மறையுமுன் சோதித்தல். பீவீசீக் குழாயை வெட்டியபின் விளிம்பைத் தேய்த்து, துடைத்து, பசை பூசி, ஆழம் முழுதும் செலுத்திச் சிறிது நேரம் அசையாது பிடித்தல் முறை. இணைப்புத் துண்டின் செலவை மிச்சம்பிடிக்கக் குழாய் நுனியை நெருப்பிற் காட்டி விரித்து, மற்றொன்றை அதனுட் செருகுவோர் உளர். சூடுபட்ட அவ்விடம் மெலிந்து, பின்னாளில் வெடிக்கும். அவ்வழக்கத்தைக் கண்டால் உடனே தடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பசை நன்கு இறுக ஒருநாள் விடுக. பின்னர்க் குழாய் முழுதும் நீர் நிரப்பி, வாய்களை அடைத்து, கைப்பம்பினால் அழுத்தமேற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகின்றதா என்று நோக்குக. வழக்கமாக வேலை செய்யும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிச் சோதித்தல் நன்று. கைப்பம்பு கிடையாவிடின், மேல்தாங்கியை நிரப்பி, ஓர் இரவும் பகலும் விட்டுப் பொருத்துகளைத் தடவியேனும் பார்க்க வேண்டும். அதன் பின்னரே பூச்சும் தரையோடும். மூடுமுன் கைத்தொலைபேசியாற் படமெடுத்து வைப்பின், பின்னாளில் ஆணி அறைவோர் குழாயைத் துளைக்கும் அவலமும் நேராது.

குடியிருக்கும் வீட்டிலும் சோதனை எளிது. நீர் வழங்கற் சபையின் இணைப்புள்ளோர், இரவில் எல்லாப் பைப்பையும் மூடி மீற்றரின் எண்ணைக் குறித்து, காலையில் மீண்டும் பார்க்கலாம். எண் ஏறியிருப்பின் எங்கோ ஒழுகுகின்றது. ஒழுகும் பைப்பின் கீழ் ஒரு லீற்றர்ப் போத்தலை வைத்து, அஃது ஒரு மணி நேரத்தில் நிரம்பினால், நாளொன்றுக்கு 24 லீற்றர், ஆண்டுக்கு 8,760 லீற்றர் நீர் வீணாகின்றது என அறிக.

பணத்தை வேலையின் படிகளுக்கேற்பக் கொடுத்தல் முறை. இறுதிப் பங்கு அழுத்தச் சோதனை தேறிய பின்னரே கொடுக்கத்தக்கது. தேறியபின் ஒருநாளும் தாமதித்தலாகாது. பற்றுச்சீட்டை வாங்கி வைக்க. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை என்பது உரிய கவனத்தோடும் திறனோடும் ஆற்றப்படல் வேண்டுமென்கின்றது. முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கப்பட்ட மூன்று மாதத்துள் அச்சபைக்கு அனுப்ப வேண்டும். எழுதிய மதிப்பீடும் பற்றுச்சீட்டும் இல்லாதார்க்கு இவ்வழி கடினமாகும்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. அரசன் அமைச்சரைத் தேர்தற்குச் சொன்ன அம்முறை, நம் வீட்டு வேலைக்கும் பொருந்தும். ஆராயாது நம்புதல் ஒரு குற்றம்; ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதல் மற்றொரு குற்றம். முன்னதை அஞ்சும் நாம் பின்னதை மறந்துவிடுகின்றோம். சோதனையில் தேறிய கைவினைஞரின் கூலியைக் குறைத்துப் பேரம் பேசுதலும், நாற்காலி இடாது வாசலில் நிறுத்தி வைத்தலும், நல்லவரை நம்மிடமிருந்து விரட்டும் செயல்களாம். அத்தகையவரின் பெயரை அயலார்க்கும் சொல்லுக. அவருக்கு அதைவிடச் சிறந்த பரிசில்லை.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியிற் பயின்று எழுதுவினைஞராயும் ஆசிரியராயும் விளங்குவோரை விழா மேடையிற் போற்றுகின்றோம். கைத்தொழில் கற்று மேன்மையுற்ற மாணவனையும் அதே மேடையில் ஏற்றுவோமாக. தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவனைப் படிப்பில் தோற்றவன் என்று கருதும் வழக்கம் நீங்கினாலன்றி, அறிவும் நாணயமும் ஒருங்கே உடைய கைவினைஞர் நமக்குக் கிடைத்தல் அரிது. சுவரினுள்ளே ஒருவரும் காணாத பொருத்தையும் செவ்வனே இறுக்கும் கை, நல்ல கல்வி பெற்ற கையேயாகும்.