பிரஜைக்குச் சேர வேண்டிய பணம்

லஞ்சம் இரு வகைப்படும். சட்டத்துக்கு விரோதமான காரியத்தைச் செய்வித்துக் கொள்ளக் கொடுப்பது ஒன்று. சட்டப்படி தனக்குச் சேர வேண்டியதையே பெறுவதற்காகக் கொடுப்பது மற்றொன்று. முதல் வகையில் கொடுப்பவனும் வாங்குபவனும் கூட்டாளிகள். இரண்டாம் வகையிலோ கொடுப்பவன் பறிகொடுத்தவனே ஆவான். அதிகமாகப் பிடித்த வருமான வரியைத் திரும்பப் பெறுவதற்காக நம் தேசத்தில் நெடுங்காலம் கேட்கப்பட்டு வந்த கைக்கூலி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் இவ்விஷயம் யாரைத் தொடுகிறது? லாரி உரிமையாளர் என்ற பெயர் பெரிதாயினும், ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கித் தவணை கட்டி வருபவர்களே நாமக்கல்லில் பலர். வாடகை கொடுக்கும் கம்பெனி அதில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டிவிடும். டீசல், டயர், சுங்கம், டிரைவர் சம்பளம், வட்டி ஆகியவை போக மிஞ்சுவது வரி வரம்புக்கே எட்டாதிருக்கலாம். பிடித்தமோ மொத்த வாடகையின் மீது. இக்கஷ்டத்தை உணர்ந்துதான் 2009 அக்டோபர் முதல், பான் எண் தெரிவித்த லாரிக்காரர்களுக்குப் பிடித்தம் வேண்டாமென்று சட்டம் திருத்தப்பட்டது. 2015 ஜூன் முதல் அச்சலுகை பத்து வண்டிகளுக்கு மேற்படாதவர்களுக்கு மட்டுமே என்று குறுக்கப்பட்டது. இவர்களைத் தவிர, கம்பெனிகளுக்குக் குழாய்க் கிணறு தோண்டிக் கொடுக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் இருக்கிறார். சேலம் உருக்காலையில் ஓய்வு பெற்று பாங்கி டெபாசிட் வட்டியில் ஜீவிப்பவர் இருக்கிறார். இவர்களுக்கு ரீபண்டு என்பது தானமன்று, சொந்தப் பணம்.

முன்னாளில் அப்பணம் திரும்பி வந்த விதம் எத்தகையது? வரி பிடித்தவர் கொடுத்த காகித ஸர்ட்டிபிகேட்டை இணைத்து ஆபீஸில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை கஜானாவில் சேர்ந்ததா என்று பார்ப்பதும், கணக்கைச் சரிபார்ப்பதும், உத்தரவு எழுதுவதும், வவுச்சர் தயாரிப்பதும் ஒரே கட்டடத்துக்குள் நடந்தன. தம்முடைய காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது, எப்போது நகரும் என்பதை வரிதாரர் அறிய வழியில்லை. இருட்டு உள்ள இடத்தில் தாமதமே விற்பனைச் சரக்காகிவிடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையன்று. 1962-இல் மத்திய சர்க்கார் நியமித்த லஞ்ச ஒழிப்புக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் நம் தமிழ் நாட்டவரான ஸ்ரீ க. சந்தானம். வேலையைத் துரிதப்படுத்துவதற்கென்று பணம் கொடுக்கும் வழக்கமே தாமதத்துக்கும் திறமைக் குறைவுக்கும் பெருங்காரணமாகிவிட்டது என்று 1964-ஆம் வருஷம் அக்கமிட்டி எடுத்துக் காட்டியது. கவனியுங்கள்: தாமதத்தால் லஞ்சம் பிறப்பது மட்டுமன்று, லஞ்சத்துக்காகவே தாமதமும் வளர்க்கப்படுகிறது. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை அந்நகரசபைக்குத் தலைமை வகித்த ராஜாஜி, பிற்காலத்தில் பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று பெயரிட்டுக் கண்டித்ததும் இதே நோயைத்தான். உத்தியோகஸ்தரின் இஷ்டத்துக்கு விடப்படும் ஒவ்வொரு விஷயத்துக்கும் நாளடைவில் ஒரு விலை ஏற்பட்டுவிடும்.

அந்த இஷ்டம் படிப்படியாகக் குறைக்கப்பட்ட வரலாறு நம்பிக்கை தருவது. 2007-இல் ரீபண்டைப் பட்டுவாடா செய்யும் பொறுப்பு ஸ்டேட் பாங்கிக்கு மாறத் தொடங்கியது. 2009-இல் பெங்களூரில் மத்திய நிலையம் ஏற்பட்டு, எந்த ஊர்க் கணக்கையும் கம்ப்யூட்டர் பரிசீலிக்கும் முறை வந்தது. பிடித்த வரி ஒவ்வொருவர் பெயரிலும் பதிவாகி, அவரே பார்க்கும்படி ஆயிற்று. 2019 மார்ச் முதல், பான் எண்ணுடன் இணைந்த பாங்கிக் கணக்கில் மட்டுமே ரீபண்டு வரவு வைக்கப்படுகிறது. 2019 அக்டோபர் முதல் இலாகாவின் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் எண் இருக்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது. 2020-இல், அதிகாரி யார் என்று வரிதாரருக்கும், வரிதாரர் எதிரில் வந்து நிற்க வேண்டும் என்று அதிகாரிக்கும் அவசியமில்லாத முகமற்ற பரிசீலனை விரிவாக்கப்பட்டது. ரீபண்டுக்கு 2013-இல் சராசரி 93 நாட்கள் ஆயின என்றும், 2024-இல் 17 நாட்களே ஆயின என்றும் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. இதனால் மனிதர்கள் புண்ணியவான்களாகிவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. கை நீட்டுவதற்கு இடையில் இருந்த மேஜை அகற்றப்பட்டது; அவ்வளவே. அதுவே பெரிய காரியம்.

ஆயினும் யந்திரம் வந்தவுடன் தர்மமும் வந்துவிட்டதாக எண்ணுவது பேதைமை. மும்பையில் ஒரு வரி இலாகா ஊழியர் தம் மேலதிகாரிகளின் கம்ப்யூட்டர் அனுமதிச் சாவிகளை உபயோகித்து, 2019, 2020 வருஷங்களில் சுமார் 264 கோடி ரூபாயைப் பொய் ரீபண்டாக அனுப்பினார் என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. பூட்டு எவ்வளவு உறுதியாயினும், சாவியை மேஜை மேல் வைத்தால் பயனென்ன? மறுபுறம், இல்லாத கழிவுகளைக் காட்டி ரீபண்டு வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் பெறும் தரகர்கள் கிளம்பினார்கள். 2025 ஜூலையில் தமிழ் நாடு உட்படப் பல பிரதேசங்களில் 150 இடங்களில் இலாகா சோதனை நடத்த நேர்ந்தது இதனால்தான். ஆபீஸ் வாசலில் நின்ற தரகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டான்.

பழைய பாக்கிகளின் தொல்லையும் உண்டு. காகித காலத்தில் எழுதிய, சரிபார்க்கப்படாத பாக்கிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைய ரீபண்டிலிருந்து கழித்துக் கொள்ளும் வழக்கம் பரவிற்று. முன்னறிவிப்புக் கொடுத்து, பதிலைக் கேட்ட பின்னரே கழிக்க வேண்டுமென்று 2013 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் கண்டிப்பாக உத்தரவிட்டது. அவ்வழக்கு ஓர் ஆடிட்டர் கோர்ட்டுக்கு எழுதிய கடிதத்தினின்று பிறந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது. 1962-ஆம் வருஷம் முதல் ஏட்டில் கிடந்த சில்லறைப் பாக்கிகள் ரீபண்டுக்குத் தடையாயிருப்பதை 2024 பிப்ரவரி பட்ஜட்டில் நிதி மந்திரியே ஒப்புக்கொண்டு, 2009-10 வரையில் 25,000 ரூபாய்க்கும், 2010-11 முதல் 2014-15 வரையில் 10,000 ரூபாய்க்கும் உட்பட்டவற்றைத் தள்ளுபடி செய்தார். அறுபது வருஷப் பிழையை ஒரு பட்ஜட் ஒப்புக்கொண்டது நல்லதே. அதற்கு மேற்பட்ட தொகைக்காரரின் கதி என்ன?

ஆகவே நாம் கோருவன சில. அப்பீலில் ஜெயித்தவருக்குச் சேர வேண்டிய ரீபண்டு இன்னும் அதிகாரியின் உத்தரவை எதிர்பார்த்தே நிற்கிறது. அத்தகைய மனுக்களைத் தேதி வரிசைப்படி, பெயர் மறைத்து, எண் மட்டும் காட்டி, எல்லோரும் பார்க்கும்படி பிரசுரிக்க வேண்டும். வரிசையைத் தாண்டி எவர் காரியமாவது முந்தினால் காரணம் கேட்க வேண்டும். இரண்டாவது, வரி கட்டத் தாமதித்த பிரஜைக்கு மாதம் ஒரு சதவீத வட்டி. ரீபண்டு கொடுக்கத் தாமதித்த சர்க்காருக்கோ அரைச் சதவீதம்! 2025-இல் புதிய சட்டம் இயற்றிய போதும் இந்த வித்தியாசம் நீங்கவில்லை. தராசு ஒன்றாயின் படிக்கல்லும் ஒன்றாக இருக்க வேண்டாமா? மூன்றாவது, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வரும் நோட்டீஸ் தமிழிலும் இருக்க வேண்டும். புரியாத நோட்டீஸே தரகனுக்கு மூலதனம்.

பொது ஜனங்களுக்கும் கடமை உண்டு. தம் பெயரில் பிடித்த வரி எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தாமே பார்த்தறிய வேண்டும். ரீபண்டில் பங்கு கேட்பவனிடம் கணக்கை ஒப்படைக்கலாகாது. லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு வருஷம் வரை சிறை உண்டு என்று 2018-ஆம் வருஷத் திருத்தம் கூறுகிறது. ஆனால் நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவித்தால் அக்குற்றம் அவரைச் சாராது. இந்தச் சலுகையைத் தேசத் தொண்டர்கள் கிராமந்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்களும் விசைத்தறிக்காரர் சங்கங்களும், பென்ஷன்தாரர் சபைகளும் தத்தம் ஊரில் கணக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்களை இவ்வேலைக்கு அமர்த்தினால் போதும், தரகருக்கு வேலையிராது.

மேஜையை அகற்றியது சர்க்காரின் வேலை. அது வேறு உருவில் திரும்பி வராமல் காவலிருப்பது நம் வேலை.